தொப்பூர் ஏற்றம்

கோகிலாவின் கல்யாணத் தேதியைக் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் கரூரிலிருந்து வந்து மூன்று மணி நேரமாகிவிட்டது. இன்னும் தேதிப் பேச்சே தொடங்கவில்லை. பெண்ணின் அப்பா செங்கோட்டுவேலும் மாப்பிள்ளையின் அப்பா ராக்கியண்ணனும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்கள் என்பது முதல் காபியிலேயே தெரிந்துபோனதுதான் வினை. மூடிப்போன லாரி கம்பெனிகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாவது காபியில் சண்டை வந்தது.

"தொப்பூர் ஏத்தத்துல லேலண்டு லாரிக்கு முன்னால எந்த வண்டிங்க நிக்கும்?" என்றார் ராக்கியண்ணன்.

செங்கோட்டுவேல் எழுந்து வேட்டியை இறுக்கினார். "பெட்போர்டு லாரியை மதிக்காத வீட்டுக்கு என் பொண்ணைக் குடுக்கறதா இல்லீங்க."

உள்ளே பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த கோகிலாவுக்கும் அது கேட்டது. கூடத்தில் நின்ற அவள் அம்மா பாவாயி காபித் தட்டை ஓசையோடு கீழே வைத்தாள்.

"ஏனுங்க, கோகிலா என்னைக்குப் பொறந்தாள்னு சொல்லுங்க பார்க்கலாம்."

செங்கோட்டுவேல் யோசித்தார். "நாக்பூர்ல ஆரஞ்சு லோடு ஏத்திட்டிருந்தேன். பெட்போர்டுதான். முன் டயரு ரெண்டும் புதுசு."

தேதி வரவில்லை.

"மூணு நாள் வலியில கெடந்தேன்," என்று மட்டும் சொன்னாள் பாவாயி.

ராக்கியண்ணனின் மனைவி எழுந்தாள். "எங்களுக்குப் பசங்க மூணு பேருங்க. ஒவ்வொருத்தன் பொறந்ததுக்கும் இவருக்கு வண்டி நம்பர்தான் ஞாபகம்," என்றபடி ஆணியிலிருந்த காலண்டரைக் கழற்றினாள். "வாங்க சம்பந்தியம்மா, நாம உள்ள உக்காந்து நாள் பாத்துக்கலாம்."

கோகிலா நகர்ந்து இருவருக்கும் இடம் விட்டாள்.