பட்டியலில் இல்லாத எண்

பள்ளிக்கூடக் கூரை விழுந்த ஏழாம் மாதம், அதைக் கட்டிய கான்ட்ராக்டர் தனுஷ்கோடியின் நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து ஆணை வந்தது. மூன்று வருடங்களுக்கு எந்த அரசு டெண்டரிலும் அந்தப் பெயர் வரக்கூடாது. மறுநாளே அவர் போர்டு எழுதுகிற பிச்சையாவுக்கு ஆளனுப்பினார்.

ஏணியில் நின்று பிச்சையா பழைய பெயரின் மேல் வெள்ளை அடித்தார். காய்ந்ததும் ‘ரத்னாவதி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்று எழுதினார். ரத்னாவதி, கான்ட்ராக்டரின் மனைவி. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இடிஞ்ச பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் டெண்டர் விட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பணும், சீக்கிரம் முடி” என்றார் தனுஷ்கோடி, கீழே நின்று.

பெயர் முடிந்தும் பிச்சையா இறங்கவில்லை. சிவப்பு பெயின்ட்டை எடுத்து, அடியில் மங்கிக்கிடந்த செல்போன் எண்ணின் மேல் தூரிகையை வைத்தார்.

“நம்பர் பழசேதான். பட்டியல்ல பேரு மட்டுந்தான இருக்கு. அதை எதுக்குத் தொடுத?”

“தெரியும் அண்ணாச்சி. எனக்கு மனப்பாடம். கூரை விழுந்த அன்னைக்கு எம்மவ அடியில கெடந்தா. ஜேசிபி அனுப்பச் சொல்லி நாப்பது தடவ இந்த நம்பருக்கு அடிச்சேன். நீங்க எடுக்கல.”

தனுஷ்கோடி ஏணியின் காலைப் பிடித்தபடி நின்றார். பிச்சையா அவசரப்படாமல் கடைசி எண் வரை தடித்து எழுதினார்.

“அடுத்த கூரை விழுறப்போ அடிக்கிறவனுக்காவது நம்பர் தூரத்துலயே தெரியட்டும் அண்ணாச்சி.”