சட்னிக்குச் சொன்ன சரி

விடிந்ததும் இளவெயினியின் உடல்நிலையைக் கண்காணிக்கும் இடுப்புப் பட்டை பேசியது. "கட்டிகள் திரும்ப வந்திருக்கின்றன. இரண்டு, சிறியவை. இந்த முறை கருப்பையையே எடுத்துவிடலாமா? உங்கள் குரலில் 'சரி' என்றால் போதும், நாள் குறித்துவிடுவேன்."

இளவெயினி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

போன முறை கட்டிகளை அகற்றலாமா என்று பட்டை கேட்டபோது அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் சட்னி அரைக்கச் சொல்ல, "சரி அத்தை" என்றாள். பட்டை அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது. கட்டிகளை அகற்றியது நல்லதாகத்தான் முடிந்தது, மாதவிடாயின் அதிக உதிரப்போக்கு நின்றது. ஆனாலும், தன் உடம்பை அறுக்கச் சொன்ன சம்மதம் சட்னிக்குச் சொன்னது என்பது அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

"சரின்னு சொல்லிடேன் வெயினி, தொல்லை விட்டுது" என்றான் கணவன் அறிவன்.

"உனக்கென்ன, பழைய மிக்சியைத் தூக்கிப் போடுற மாதிரி சொல்ற! எனக்கு வலி இல்ல, போக்கும் அளவாத்தான் இருக்கு. தொந்தரவு இல்லன்னா விட்டு வைக்கலாம்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க."

சின்ன வயதிலிருந்து எத்தனை பேருக்குச் சரி சொல்லியிருப்பாள்! இன்னொரு சொல் இத்தனை நாளும் நாக்கின் அடியிலேயே கிடந்திருக்கிறது.

"வேண்டாம்!" என்றாள் பட்டையிடம். "கவனிச்சுக்கிட்டு மட்டும் இரு."

"அப்படியே ஆகட்டும்" என்றது பட்டை.

அவள் குரல் அடுப்படி வரை போயிருந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"எதும்மா வேண்டாம்? காபியா?"

இளவெயினி வாய்விட்டுச் சிரித்தாள்.

"காபிக்குச் சரி, அத்தை!"