கண் கலங்கிய தலைவர்

மேடையில் நகராட்சித் தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "பாவம், ஊருக்காக எப்படி உருகறாரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தாள்.

உருகியது மனசு இல்லை. பேருந்து நிலையத்து வாசலில் பந்தல் போட்டு நடந்த ஆண்டுச் சாதனைக் கூட்டத்தில், வெயில் தாங்காமல் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்திருந்தார். சர்க்கரைக்கார உடம்பு வேறு. உள்ளே போன தண்ணீர் இப்போது வெளியே வர வழி கேட்டது.

கையில் இருந்த சாதனைப் புத்தகத்தில் படிக்க இன்னும் பாதி மிச்சம் இருந்தது. போட்ட சாலை, மாற்றிய தெருவிளக்கு, தூர்வாரிய வாய்க்கால் என்று படித்துக்கொண்டே வந்தவர், கைதட்டல் விழுந்த இடங்களில் மட்டும் கால் மாற்றி நின்றுகொண்டார்.

மனதைத் திசைதிருப்ப நடுவில் ஒரு வேடிக்கையும் சொன்னார். "திறப்பு விழா இல்லாத வாரமே இல்லை. போற எடத்துல எல்லாம் ஞாபகார்த்தமா எதையாவது கையில குடுத்துடறாங்க. கேடயம், சாவி, கத்தரிக்கோல், கொத்துக் கரண்டின்னு எங்க வீட்டு ஷோகேஸ்ல எடமே இல்லை. இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா, அது இருக்கட்டும், நான் கெளம்பறேன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரிக்குப் போனார். "பேருந்து நிலையத்தில் நவீனப் பொதுக் கழிப்பறை." படித்ததும் நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட, அது இந்தப் பந்தலுக்குப் பின்னால்தானே இருக்கிறது?

"மீதியைத் துணைத் தலைவர் வாசிப்பார்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த தண்ணீர் பாட்டிலோடு படி இறங்கினார். தலைவரால் மேற்கொண்டு பேச முடியவில்லை என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மேடை ஓரத்தில் இருந்த நகராட்சிப் பொறியாளருக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயா, அங்க வேணாம். வண்டியை எடுக்கச் சொல்றேன், வீட்டுக்கே போயிடலாம்" என்று பின்னால் ஓடிவந்தார்.

"வீடு வரைக்கும் தாங்காதுய்யா."

கழிப்பறை பளபளவென்று இருந்தது. வெளிர்நீல ஓடு, பளிங்குக் கல்லில் தலைவரின் பெயர். கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

பக்கத்தில் கூடை வைத்துப் பழம் விற்றுக்கொண்டிருந்தவள், "அது தொறக்கறதில்லைங்க" என்றாள்.

"எப்பம்மா தொறப்பாங்க?"

"தொறந்து பாத்ததே இல்லைங்க. விழா அன்னைக்கு நீங்க உள்ள போயிட்டு வந்தீங்களே, அதோட சரி."

"அப்ப நீங்கள்லாம் எங்க போவீங்க?"

"ஆம்பளைங்க அந்தச் செவுத்தோரம் போயிடறாங்க. நாங்க கடை போட்டா வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்லைங்க. பழகிப்போச்சு." சொல்லிவிட்டு ஒரு பழத்தைத் துடைத்துக் கூடையில் வைத்தாள்.

தலைவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இப்படிக் கூசிப்போய் அவர் நின்றதே கிடையாது.

ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கவும் நேரமில்லை. சுவரோரம் ஓடினார். 'இங்கே சிறுநீர் கழிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள். உத்தரவு: நகராட்சித் தலைவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. 'தலைவர்' நனையாமல் பார்த்துக்கொண்டது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

கிளம்பிக்கொண்டிருந்த பேருந்தின் ஜன்னலிலிருந்து யாரோ அவரை அடையாளம் கண்டு விரல் நீட்டினார்கள். பந்தலில் துணைத் தலைவர், "ஊருக்கே முன்மாதிரியான நம் தலைவர்" என்று உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது காது மடல்வரை சிவந்திருந்தது. பழக்காரியைப் பார்க்கத் துணிவில்லை. பட்ட அவமானத்தை யார் தலையிலாவது இறக்கி வைத்தால்தான் வீடு போய்ச் சேர முடியும். தோதாக எதிரில் பொறியாளர் நின்றார்.

"பொம்பளைங்க தண்ணி குடிக்காம வெயில்ல காயறாங்க. யாருய்யா இதைப் பூட்டினது?"

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதாங்க ஐயா. மொத தடவை தொறந்தப்ப போட்டோ சரியா வரலை. மறுபடி பூட்டித் தொறங்கன்னு போட்டோக்காரர் சொன்னாரு. பூட்டினீங்க. அதுக்குள்ள அடுத்த விழாவுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டீங்க."

"கெளம்பினா? ஒடைக்க வேண்டியதுதானே?"

"ஐயா கையால பூட்டினதுங்க. ஒடைக்க யாருக்கும் தைரியம் வரலை."

"ஒடைக்க பயம்னா சாவியைப் போட்டுத் தொறக்கறதுக்கு என்னய்யா கேடு?" பழக்காரியின் காதில் விழட்டும் என்றே தலைவர் குரலை உயர்த்தினார். "ஒரு சாவியை வச்சுக் காப்பாத்தத் துப்பில்லை, நீயெல்லாம் ஒரு பொறியாளர். இன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பறேன். எங்கய்யா தொலைச்சே அதை?"

பழக்காரி கையில் எடுத்த பழத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். பொறியாளர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"தொலையலைங்க ஐயா. உங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு."