ஜிகினாத் தாள் சுற்றிய டப்பா

“டப்பாவுக்குள்ள என்ன இருந்துச்சு மாப்ளே? அதை மட்டும் சொல்லிட்டா நான் வாயை மூடிக்கிறேன்!”

நிச்சயித்த பெண்ணின் அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மாப்பிள்ளை கிளட்ச் மாஸ்டர். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ‘கிளட்ச், கிளட்ச்’ என்று கத்திக் கத்தியே அந்தப் பெயரை வாங்கியவர். இப்போது நாற்காலி நுனியில் முழங்காலைச் சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் விடுவதாக இல்லை. மூன்று நாள் தொடர்ந்து காலையில் பார்த்தாராம். லேப் வாசலில் மாஸ்டர் வண்டியை நிறுத்தியதை, வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம் ஜிகினாத் தாள் சுற்றிய சின்ன டப்பாவை நீட்டியதை, வெட்கத்தில் நெளிந்ததை.

வெட்கம் என்னவோ உண்மைதான்.

இரண்டு மாதமாக வயிறு அவரைப் படுத்திய பாடு அவருக்குத்தான் தெரியும். பாதிப் பாடத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்த மாணவர்களை நடுரோட்டில் விட்டுவிட்டு, ‘போன் வருது’ என்று ஓடுவார்.

குடலில் ஏதோ ஒட்டுண்ணி குடியேறியிருக்கும் என்றார் டாக்டர். அது ஒருநாள் தலைகாட்டும், மறுநாள் ஒளிந்துகொள்ளும். அதனால் மூன்று நாள் தொடர்ந்து மலம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

அதை வெறும் டப்பாவில் ஏந்திக்கொண்டு தெருவில் நடக்க முடியுமா? மாஸ்டருக்கென்று ஒரு கௌரவம் இல்லையா?

கதவோரம் நின்ற பெண், ‘எதையாவது சொல்லித் தொலையுங்களேன்’ என்பதுபோல் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் தப்பிக்கும். ‘கிளட்ச்’ என்ற பட்டப்பெயர் தப்பிக்காது, ஊர் வேறு வைத்துவிடும்.

“கிஃப்ட்தான்,” என்றார். “அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு.”

சொன்ன கையோடு எழுந்து ஓட்டம் பிடித்தார். குற்ற உணர்ச்சி என்றது தெரு.

மாத்திரை ஒரே வாரத்தில் வயிற்றைச் சரிசெய்தது. சம்பந்தத்தைச் சரிசெய்ய மாத்திரை இல்லை. நிச்சயித்த பெண் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள்.

லேப் பெண்ணின் பெயர் ஊரெல்லாம் நாறியது. ஒரே வார்த்தையில் அவள் அத்தனை பேர் வாயையும் அடைத்திருக்கலாம். வீட்டில் அடிக்காத குறையாகக் கேட்டார்கள். நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் வேலையின் விதி, சொல்லவே இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போன மாஸ்டர், அடுத்த வருடம் அவளையே கட்டிக்கொண்டார்.