மூன்றாம் கம்பியின் சாவி

எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்றாம் கம்பியை முறுக்கிப் பிடித்திருந்த சாவிக்கு அன்று வேலை போகும் ஆபத்து வந்தது. கம்பியை வளைத்து வாசித்தாலே சுருதி இறங்கிவிடுகிறது என்று, அதை வாசிக்கும் டெல்பின் திருப்புளியும் கையுமாக வந்துவிட்டாள். "இந்தச் சாவிதான் வழுக்குது. கழற்றிட்டு வேற போடணும்."

"நான் இம்மியும் அசையலையே!" என்று சாவி புலம்பியது.

"தெரியும் அண்ணே," என்றது கம்பி. "வளைச்சு விட்டதும் உன்கிட்டத் திரும்பி வரத்தான் பார்க்கிறேன். வழியில இவரு கவ்விக்கிறாரே!"

இவர் என்றது, கிட்டாரின் கழுத்தில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் வெள்ளைக் கட்டையை. இத்தனை நாள் அது வாயே திறக்கவில்லை. டெல்பின் சாவியைத் திருகிக் கம்பியைத் தளர்த்தியதும் பொறுக்காமல் கத்திவிட்டது: "தப்பு என்னோடது தாயி, அவனை விட்டுடு!"

அவள் காதில் 'டிங்க்' என்றுதான் விழுந்தது. சத்தம் வந்த கட்டையைக் குனிந்து பார்த்தாள்; பள்ளத்தில் கம்பி சிக்கிக் கிடந்தது. திருப்புளியை வைத்துவிட்டு, கம்பி வழுக்கி ஓடட்டும் என்று பென்சில் கரியை அந்த இறுகிய பள்ளத்தில் தேய்த்தாள்.

மறுநாள் எவ்வளவு வளைத்தும் சுருதி நகரவில்லை. "சாவி புதுசாடி? என்னமா நிக்குது!" என்றாள் கூட வாசிக்கும் தோழி.

சாவி கூசிப்போய்க் கட்டையிடம் நன்றி சொல்ல வாயெடுத்தது.

"பாராட்டைப் பேசாம வாங்கிக்க தம்பி," என்றது கட்டை, கரி அப்பிய வாயோடு. "எனக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் இத்தனை நாள் நீதானே வாங்கின."