கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம்

ஆறாவது கிலோமீட்டரில், ரப்பர் செருப்போடு ஓடிய பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஸ்வர்ணலதாவைத் தாண்டிப் போனாள்.

ஸ்வர்ணலதா மணிக்கட்டைப் பார்த்தாள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். சரி.

பின்னால் ஸ்கூட்டர் உறுமியது. பரசுராமன்.

அவர் நெய்யப் பட்டுப் பாவு நூல் தந்தால்தான் அவள் வீட்டுத் தறி ஓடும். இந்தப் பத்து கிலோமீட்டர் போட்டிக்கு அவளைக் கேட்காமலே பெயர் கொடுத்தவரும் அவர்தான். தன் கடைப் பெயர் போட்ட பனியனை நீட்டி, ஒரே நிபந்தனை சொல்லியிருந்தார். முதல் பரிசு வராவிட்டால் அடுத்த பாவு கிடையாது.

"இன்னா ஸ்வர்ணா, கோயில் சுத்தறியா? அந்தக் காவ்யா பாலத்தத் தாண்டி பூட்டாம்மா! ஜல்தி!"

சாலையோரம் சிரித்தது. அமாவாசை. ஆரணியில் தறிகள் நிற்கிற நாள். பார்க்க ஊரே வந்திருந்தது.

இன்னும் வேகம் கேட்டுக் கால்கள் கெஞ்சின. போன வருஷம் இதே போட்டியில் காவ்யாவைத் தோற்கடித்த கால்கள். இப்போது விட்டால்கூடப் பிடித்துவிடும்.

விடவில்லை.

"பேசிகினே ஓடுற வேகந்தாண்ணா இன்னிக்கு. நீங்க பேசுங்க, நான் பதில் சொல்லிகினே வர்றேன்."

ஓரிடத்திலும் மூச்சு வாங்காமல் சொன்னாள். பரசுராமன் முகம் சிவந்தது. ஸ்கூட்டரை முறுக்கி முன்னால் பறந்தார்.

ஏழாவது. ஏழு நிமிஷம்.

எட்டாவது. அதே ஏழு.

ஒன்பதாவதில் இறக்கம். கால் தானாக வேகம் எடுத்தது. அடக்கினாள்.

போளூர் சாலையில் முடிவுக்கோடு. காவ்யாவின் பெயரை மைக்கில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்தபடி பரசுராமன்.

"நாளைக்குப் பாவு கேட்டுகினு கடைப் பக்கம் வந்துடாத!"

அவள் கோட்டைத் தாண்டினாள். பதக்கம் நீட்டிய பெண்ணைத் தாண்டினாள். அவரையும் தாண்டினாள்.

நிற்கவில்லை.

"யம்மோவ், முடிஞ்சிபோச்சும்மா! நில்லு!" மைக் அலறியது.

மூன்று வாரத்தில் சென்னையில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தான். போன வருஷம் பயிற்சியிலேயே வேகத்தையெல்லாம் கொட்டிவிட்டு, அங்கே முப்பத்திரண்டாவதில் நடுரோட்டில் உட்கார்ந்தவள் அவள். இந்த முறை மெதுவாக ஒரு நீண்ட ஓட்டம் பாக்கி இருந்தது. தறி நிற்கிற நாளில்தான் அதற்கு நேரம். சென்னைக்கு முன்னால் அப்படி ஒரு நாள் இன்று மட்டும்தான். கொஞ்ச தூரம் இவர்களோடு ஓடினால் தண்ணீராவது கிடைக்குமே என்று வந்தாள்.

பத்து முடிந்திருந்தது. இன்று ஓட வேண்டியது முப்பது.