பின்னால் வருபவர்

அவள் நின்றால் அவரும் நிற்கிறார். அதுதான் எரிச்சல்.

தண்ணீர் குடிக்க அவள் ஒரு மரத்தடியில் காலை ஊன்றினால், கொஞ்ச தூரம் பின்னால் அவரும் இறங்கி, டயரை அமுக்கிப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார். அவள் கிளம்பினால் டயர் உடனே சரியாகிவிடுகிறது.

அவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

இருநூறு கிலோமீட்டர் சவாரி. காலையில் எல்லோருக்கும் மஞ்சள் சட்டை கொடுத்த கையோடு அமைப்பாளர் சொல்லிவிட்டார். கடைசியாக வருபவரின் பின்னால் சைக்கிள் சங்கத்து ஆள் ஒருவர் வருவார். முந்த மாட்டார். முடியவில்லை என்று கையைத் தூக்கினால் வேனை வரவழைத்து ஏற்றி அனுப்புவார். அதுவரை வாயே திறக்க மாட்டார். 'முடியுமா?' என்று யாராவது கேட்டுவிட்டால், அந்த நிமிடமே முடியாமல் போய்விடுமாம்.

கிளம்பிய சற்று நேரத்திலேயே ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கணவன் மனைவி ஜோடிகள், செயற்கை முழங்கால் வைத்த ஓய்வுபெற்ற தபால்காரர். தபால்காரர் மணி வேறு அடித்துவிட்டுப் போனார்.

ஆக, கடைசி அவள்தான். பின்னால் வருவது வேறு யாராக இருக்க முடியும்?

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே பாதி ஆயுள் போயிற்று. அப்படிப்பட்டவள் போன வருஷம் இதே சவாரியில், கடைசி மேட்டின் அடிவாரத்தில் கையைத் தூக்கி, இன்னொருவர் ஓட்டிய வேனில் சாமானோடு சாமானாக வீட்டில் வந்து இறங்கினாள்.

வீட்டில் யாரும் கேலி செய்யவில்லை. கணவர் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். மகள் காலைப் பிடித்துவிட்டாள். கேலி செய்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். அந்தக் கரிசனத்தைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இந்தத் தடவையும் வேனில் போனால் சைக்கிளை விற்றுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

இதோ, அந்த மேடு.

முதல் வளைவில் மூச்சு இரைத்தது. இரண்டாவதில் தொடை இறுகியது. மூன்றாவதில் சைக்கிள் நகராமல் தள்ளாடியது. பின்னால் மட்டும் சரளைக்கல் நசுங்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. வாசலை விட்டு எழுந்திருக்காத கடன்காரன் மாதிரி.

இறங்கிவிட்டாள்.

கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதல்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"போதும் தம்பி. வேனை வரச் சொல்லிடுங்க."

அவர் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். முகம் கன்றிச் சிவந்திருந்தது. உதட்டோரம் உப்புப் பூத்திருந்தது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"நானும் ஓட்டத்தான்க்கா வந்தேன். கடைசி ஆளு நான்தான். சங்கத்து ஆளு எனக்குப் பின்னாடி வர்றாரு. நீங்க இறங்கினா நானும் இறங்கிடலாம்னு காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன். நீங்க இறங்கவே மாட்டேங்கறீங்க!"

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். முந்தைய வளைவில் இன்னொரு மஞ்சள் சட்டைக்காரர் ஒற்றைக் காலை ஊன்றி, எந்த அவசரமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

தான் கடைசி இல்லை என்பது உறைக்கவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குள் இவர், அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு, கீழே நிற்பவருக்குத் தெரியும்படி கையைத் தூக்கப் போனார்.

அவள் எட்டி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இன்னும் ஒரே ஒரு வளைவுதான் தம்பி, எழுந்திரிங்க" என்றாள், கொஞ்சம்கூட வாய் கூசாமல். மேட்டில் பாதிகூட அவர்கள் ஏறியிருக்கவில்லை.